பெயர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் ஆலோசனை ஊழியத்துக்குப் பயிற்சி ஆரம்பித்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ரயில்வேயில் கிளார்க், நான் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். டீச்சர்களுக்கு ஊருக்குப் புத்தி சொல்கிற வியாதி கொஞ்சம் உண்டு. அந்த வியாதிக்குச் சபையே ஒரு சர்ட்டிபிகேட் தரப்போகிறது என்று கேட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வகுப்பு. ஞாயிறு பள்ளி அறையில், சின்னப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க எட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். பாஸ்டர் சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவர். சின்ன வயது, குரலை உயர்த்தத் தெரியாதவர். ஆங்கில நோட்டுகளைத் தானே தமிழில் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, மை காய்வதற்குள் கொண்டுவந்து கொடுப்பார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் விரலெல்லாம் நீலமாக இருக்கும்.

நாற்காலியை நேருக்கு நேர் போடக்கூடாது, கொஞ்சம் சாய்வாகப் போட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும், டிஷ்யூ பெட்டி வேண்டும். எங்கள் சபையில் யாரும் டிஷ்யூவில் அழுது நான் பார்த்ததில்லை, எல்லாருக்கும் முந்தானைதான், இருந்தாலும் வாங்கி வைத்தோம். பிறகு ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பழக வேண்டும். ஒருவர் பிரச்சினையோடு வந்தவராக நடிக்க, இன்னொருவர் ஆலோசனை சொல்வார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்து ரிட்டையர் ஆன ஒரு அங்கிள் எப்போது முறை வந்தாலும், "என் பெண்சாதி என்கூட பேசறதே இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அவருடைய பெண்சாதி அதே வகுப்பில் ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஆன்ட்டி மட்டும் சிரிக்கமாட்டார்.

எல்லாவற்றுக்கும் ஒரு தாள் இருந்தது. அதில் நாலு கட்டம். வந்தவரின் பிரச்சினை என்ன, அதன் வேரில் இருக்கிற பாவம் என்ன, அதற்கு வசனம் எது, கொடுத்த வீட்டுப்பாடம் என்ன. வீட்டுப்பாடம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொருவரும் உண்மையான ஒரு ஆளோடு மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். "கேட்டது அந்த அறையோட போயிடணும். யார் பேரையும் வெளிய சொல்லக்கூடாது" என்றார் பாஸ்டர். நான் நோட்டில் எழுதி, பெயர் சொல்லக்கூடாது என்பதன் கீழே மட்டும் கோடு போட்டேன்.

மற்ற ஏழு பேருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. என்னிடம் யாரும் வரவில்லை. என் வாய் எங்கள் சபையில் பிரசித்தம், அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. அப்போது, ஜனங்களுக்குத் தங்கள் பாவத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஆள் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவளைக் கவனித்தேன். சுங்கை வேயில் எலக்ட்ரானிக் பேக்டரி ஒன்றில் வேலை செய்தவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. கிள்ளானில் ஒரு இந்துக் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானம் எடுத்து, எங்கள் சபைப் பையனைக் கட்டிக்கொண்டவள். அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அவன் கமிட்டியில் செயலாளர், பாடகர் குழுவிலும் பாடுவான். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், யாரைக் கேட்டாலும் தங்கமான பிள்ளை என்பார்கள். அவள் வந்து ஏழு வருஷம் ஆகியும் சபையில் அவளுக்குப் 'புதுசா வந்தவங்க' என்றுதான் பேர்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நேரம் பார்த்து அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாம் மாதம், முதல் வரிசையில் வாங்கிக்கொண்டு நேராகப் பின்னால் குழாயடிக்குப் போய் நின்றேன்.

"என்னம்மா, மூணு மாசமா கரெக்டா இதே நேரத்துக்குத்தான் பாப்பாவுக்குத் தண்ணி தாகம் எடுக்குதா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. "பந்தியில உக்கார எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல அக்கா" என்றாள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்.

அந்த வாரம் விட்டு அடுத்த வாரம், சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவளை உட்காரவைத்தேன். நாற்காலியைச் சாய்வாகப் போட்டேன், தண்ணீர் வைத்தேன், டிஷ்யூ வைத்தேன். அவள் எதையும் தொடவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுடைய அம்மா கிள்ளானில் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ஸ்ட்ரோக். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. அண்ணன் லோரி ஓட்டுகிறவர், அண்ணி வேலைக்குப் போகிறவள். பகலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. இவள் புருஷன் மாதத்தில் ஒரு ஞாயிறு இவளைக் கூட்டிப்போவான். வாசல் அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார்கள். அது போதாமல் இவள் வெள்ளிக்கிழமைதோறும், நைட் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பஸ் பிடித்து கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் அந்த நேரம் ஆபீசில் இருப்பான், குழந்தை பாலர் பள்ளியில். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள்.

"அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி விடுவேன் அக்கா. அவங்களுக்கு வேற எந்த நாளும் தெரியாது, வெள்ளிக்கிழமை மட்டும் எப்படியோ தெரியும். நல்ல கையை சாமி மாடம் பக்கம் காட்டிக்கிட்டே இருப்பாங்க. விளக்கு ஏத்துவேன். நெத்தியில துண்ணூறு வச்சு விடுவேன். நான் கும்பிடறதில்ல அக்கா, சத்தியமா. கைய கழுவிட்டு வந்துருவேன். இது பாவமா?"

எனக்குக் கட்டம் கட்டமாகப் பதில் வந்தது. பாவம் என்ற கட்டத்தில் விக்கிரகம் என்று எழுதினேன், வசனத்துக்குப் புத்தகத்தைப் புரட்டவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுப்பாடமும் சொன்னேன். வருகிற வெள்ளி விளக்கேற்றாதே, அதற்குப் பதிலாக அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணு. பிறகு புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு.

"விளக்கு ஏத்தலன்னா அம்மா அழுவாங்க அக்கா."

"அழட்டும்மா. நல்லதுக்குத்தான்" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன்.

அவள் நாற்காலியை எனக்குக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். "டாக்டர் ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டாரு. அவங்க போற வரைக்கும் நான் பக்கத்துல இருக்கணும் அக்கா, எனக்கு அது மட்டும் போதும். அவருகிட்ட சொல்லிடாதீங்க லா. தெரிஞ்சா என்னை அங்க போகவே விடமாட்டாரு."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்த வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை தானாகவே வந்தாள். வீட்டுப்பாடத்தைச் செய்து பார்த்திருக்கிறாள். விளக்கைத் தொடாமல் அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறாள். அந்த அம்மா மகளின் கையை மெதுவாக எடுத்து, அதிலேயே தீப்பெட்டியை வைத்துப் பொத்தியிருக்கிறார். "அப்புறம் எப்படி அக்கா ஏத்தாம வர்றது?" என்று என்னையே கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்த்தால் வருகிற அதே கோபம். தாளில் 'கீழ்ப்படியவில்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். பாஸ்டர் இதைப் பார்த்து என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றும் ஒரு கவலை.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. செவ்வாய் சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீடு, அந்த வாரம் எங்கள் வீடு. பாய் விரித்து, சுற்றி உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டு ஒவ்வொருவராக ஜெபம் பண்ணுவோம். எங்கள் ஜனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் புறணி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பாரம். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகன் யாரோடு சுற்றுகிறான் என்பதெல்லாம் எங்களுக்கு ஜெபத்தில்தான் தெரியவரும். கர்த்தருக்குத் தெரியாத மாதிரி விலாசத்தோடு சொல்லுவோம். கண்ணை மூடிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காது கேட்காது என்று நினைப்போ என்னவோ.

என் முறை வந்தது. நான் பெயர் சொல்லவில்லை. ஆண்டவரே, எங்கள் சபையில் ஒரு சகோதரிக்காக வருகிறேன் என்று ஆரம்பித்தேன். இரவெல்லாம் பேக்டரியில் வேலை செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் புருஷனுக்குத் தெரியாமல் கிள்ளானுக்குப் போய், படுக்கையில் இருக்கும் தன் தாய்க்காக விளக்கேற்றுகிற அந்த மகளை உணர்த்தும் என்றேன். பழைய அடிமைத்தனத்திலிருந்து விடுவியும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் தழுதழுத்தது, கண்ணீர் வந்தது. சுற்றிலும் எல்லாரும் "ஆமென், ஆமென்" என்றார்கள். ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது, அவளுடைய புருஷனின் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து, வேதப் புத்தகத்தின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் எதிரே இருந்ததை மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. பாயில் அவளுக்கு இடம் விட்டு உட்காரவைத்ததே நான்தான். எனக்கு ஆள் கிடைத்துவிட்டது, என்னிடமும் ஒருத்தி மனம் திறந்தாள் என்பது அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும் போலிருந்தது. பிறகு எல்லாருக்கும் கேசரியும் டீயும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை மூன்றாம் தடவைக்கு அவள் வரவில்லை. மறுநாள் திருவிருந்து ஞாயிறு. இந்த முறை அவள் வெளியே போகவில்லை. புருஷன் பக்கத்தில் நின்று வாங்கினாள். ஆராதனை முடிந்ததும் அவன் நேராக என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர். நீங்க மட்டும் பாரத்தோட ஜெபிக்கலன்னா எங்க குடும்பம் இருட்டுல போயிருக்கும். இனிமே வெள்ளிக்கிழமை காலையில நானே மோட்டார் சைக்கிள்ல போய் பேக்டரி கேட்லேருந்து இவள கூட்டிட்டு வந்துடறேன். ஆபீசுக்குக் கொஞ்சம் லேட்டானா பரவால்ல."

"அவங்க அம்மா…" என்று இழுத்தேன்.

"அந்த வீட்டுல அந்த விளக்கு இருக்கிற வரைக்கும் இவ போக வேணாம் சிஸ்டர். நாங்க இங்கேருந்து ஜெபம் பண்றோம்."

அவன் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னான். அவன் தோளுக்குப் பின்னால் அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பாஸ்டரிடம் ஓடினேன். "நான் பேரு சொல்லல பாஸ்டர்" என்றுதான் ஆரம்பித்தேன். "வேற என்னெல்லாம் சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேக்டரி என்றேன், வெள்ளிக்கிழமை என்றேன். "கிள்ளான்னும் சொன்னீங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவனிடம் தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் கமிட்டி செயலாளரிடம் பேச அவருக்கும் நேரம் பார்க்க வேண்டியிருந்தது. அறுப்பின் பண்டிகை வேலை தலைக்குமேல் கிடந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

அதற்கிடையில் எங்களுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். என்னிடம் இரண்டு தாள்தான் இருந்தது. கமிட்டியில் அவனே எழுந்து, இந்த ஊழியத்தால் தன் வீட்டுக்கு வந்த ஆசீர்வாதத்தைப் பற்றிச் சாட்சி சொல்லியிருக்கிறான், அதனால் மூன்றாவது தாளை யாரும் கேட்கவில்லை. நான் மேடைக்குப் போய் வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

மனசு கேட்காமல், பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை நானே கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டு விலாசத்தை, அவளைப் பற்றி எழுதிய முதல் தாளின் தலையில் என் கையாலேயே அழகாக எழுதி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, அந்த மக்சிக்தான் கதவைத் திறந்துவிட்டார். அவர் பேத்தி ஒன்று இடுப்பில் இருந்தது. "அவள் ஏன் வருவதில்லை? இந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்" என்று மலாயில் கேட்டார். உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

காலடிச் சத்தம் கேட்டு அந்த அம்மா தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், வாசலைப் பார்த்தார். நான் தனியாக வந்திருக்கிறேன் என்று புரிய அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. நான் உங்கள் மகளின் சபையிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் நல்ல கையைத் தூக்கி மாடத்தைக் காட்டினார். விளக்கில் எண்ணெய் இருந்தது, திரியும் இருந்தது. தீப்பெட்டி கட்டிலின் ஓரத்திலேயே இருந்தது. எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உரசினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் சின்ன வயதிலிருந்து கேட்ட அத்தனை பிரசங்கமும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தலையை மட்டும் சீவிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது. எதற்காக அழுகிறேன், ஏற்றாததற்கா, ஏற்ற நினைத்ததற்கா என்று எனக்கே விளங்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது.

பாஸ்டர் ஒருவழியாக அவனிடம் பேசினார். அவனும் முரடன் இல்லையே, கேட்டுக்கொண்டான். வருகிற ஞாயிறு மத்தியானம் கூட்டிப்போகிறேன் என்று ஒப்புக்கொண்டான். அதற்கு முந்திய வியாழக்கிழமை அந்த அம்மா இறந்துவிட்டார். அவள் கிள்ளானுக்குப் போகாமல் ஆறு வெள்ளிக்கிழமை போயிருந்தது.

சாவு வீட்டுக்கு நானும் என் கணவரும் போனோம். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அவளுடைய புருஷன் ரோட்டோரமாக மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றான், சடங்கு நடக்கிற இடத்துக்கு வரவில்லை. அவன் முகமும் செத்துப்போயிருந்தது. அவள் உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஈ உட்காராமல் கையை வீசிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். வகுப்பில் படித்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். ஆனால் வாய்க்குப் பழகியதுதானே வரும்? "உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கேன்மா" என்றேன்.

அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. ஒரு உதவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

"வேணாம் அக்கா. யாருக்கு வேணும்னாலும் பண்ணுங்க. எனக்காக மட்டும் ஜெபம் பண்ணாதீங்க."

சரி என்றேன். மறு மாதமே அவர்கள் சுபாங் ஜெயா பக்கம் வீடு மாற்றிக்கொண்டு வேறு சபைக்குப் போய்விட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தினமும் முழங்கால் போட்டு, என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சபையில் வியாதியாக இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருவேன். நடுவில் அவள் முகம் வரும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன்.